ஐந்தாண்டாரின் பொய்க்காத கணிப்பு

மனித குலம் தோன்றிய நாள் முதல் எதிர்காலத்தைச் சொன்னவர்கள் கோடிப் பேர். சோதிடர்கள், வானிலைக்காரர்கள், மாமியார்கள். எல்லோருக்கும் ஒரு நாள் சறுக்கியது. இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே கணிப்பைச் சொல்லி, ஒருமுறைகூடப் பொய்க்காதவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அந்த மகானுக்கு ‘எதிர்கால ஆற்றல் நிலைய’த்தின் மூன்றாம் மாடியில், கழிப்பறைக்கு இரண்டு கதவு தள்ளி, ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள்.

பதவியின் பெயர் ‘முதுநிலை வணிக வாய்ப்பு மதிப்பீட்டாளர்’. இதைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும் என்பதால் எல்லோரும் அவரை ஐந்தாண்டார் என்றே அழைத்தார்கள். காரணம் இருக்கிறது.

அந்த நிலையம் எரிபொருள் கலங்களுக்காக உருவானது. ஒரு பக்கம் ஹைட்ரஜனையும் மறுபக்கம் காற்றையும் விட்டால், நடுவில் புகையில்லாமல், இரைச்சலில்லாமல் மின்சாரம் தரும் பெட்டி அது. மிச்சம் விழுவது தண்ணீர் மட்டும். அற்புதமான சரக்கு. கடைக்கு எப்போது வரும்? அதைச் சொல்வதுதான் ஐந்தாண்டாரின் வேலை. ஆண்டுதோறும் அறுபது பக்க அறிக்கை எழுதுவார். கடைசிப் பக்கத்தில் கடைசி வரி: ‘இன்னும் ஐந்து ஆண்டுகளில் சந்தைக்கு வரும்.’

போன வருட அறிக்கையைத் திறப்பார். அட்டையில் ஆண்டை மாற்றுவார். மூடுவார். ஒரு முறை ஆண்டை மாற்றவும் மறந்துவிட்டார். ‘தொடர்ச்சியான சிந்தனை’க்காக அந்த அறிக்கைக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

நிலையத்தில் இரண்டு பிரிவுகள் இருந்தன. இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம்.

முதல் பிரிவின் தலைவர் வெந்நீரார். அவருடைய கலம் வெந்நீர்ச் சூட்டிலேயே வேலை செய்யும். நடுவில் மெல்லிய சவ்வு, சவ்வின் மேல் பிளாட்டினம். நகைக்கடையில் வைத்துப் பூட்ட வேண்டிய சாமான். ஹைட்ரஜன் சுத்தமாக இருக்க வேண்டும். துளி அழுக்கு கலந்தாலும் புது மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

இரண்டாம் பிரிவின் தலைவர் சூளையார். அவருடையது பீங்கான் கலம். எண்ணூறு டிகிரிச் சூடு. எந்த எரிவாயுவைக் கொடுத்தாலும் தின்னும். ஆனால் சூடேற ஒரு முழுப் பகல் ஆகும். அவசரப்படுத்தினால் விரிசல் விட்டுவிடும்.

“அவரோட கலத்தை வாங்கணும்னா முதல்ல பொண்டாட்டி தாலியை விக்கணும்” என்பார் சூளையார்.

“அவரோட கலத்துல கரண்டு வர்றதுக்குள்ள ஒரு தலைமுறை முடிஞ்சிடும்” என்பார் வெந்நீரார்.

இருவரும் ஒரே டீக் கடையில், வேறு வேறு நேரத்தில் டீ குடிப்பார்கள். ஒருவர் அறிக்கையில் தன் பிரிவுக்கு ஐந்து ஆண்டு போட்டு, எதிராளிக்கு ஆறு போடச் சொல்லுவார். மறுநாள் மற்றவரும் அதையே சொல்லுவார். ஐந்தாண்டார் நடுநிலை தவறாதவர். இருவருக்கும் ஐந்து போட்டுவிடுவார்.

மூன்றாவதாக ஒரு கலமும் இருந்தது. உள்ளே காரக் கரைசல் இருப்பதால் காரக் கலம் என்று பெயர். பிளாட்டினம் வேண்டாம், நிக்கல் போதும். மலிவு. ஒரே குறை, காற்றில் இருக்கும் கரியமில வாயு பட்டால் அதற்கு ஆகாது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஐந்தாண்டாரே தன் கையால் எழுதினார்: ‘காற்றில் கரியமில வாயு இருப்பதால் இதற்கு எதிர்காலம் இல்லை.’ அன்றே அது ‘ஒதுக்கப்பட்ட தொழில்நுட்பம்’ ஆகி, அடித்தளத்துக் கழிவு அறைக்குப் போனது. அந்த அறையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஒப்பந்தப் பராமரிப்பாளர் இருந்தார். நாற்பது வயதுப் பெண். எப்போது பார்த்தாலும் கையில் வெள்ளை. சுண்ணாம்பக்கா என்பார்கள். ஏன் சுண்ணாம்பு என்று ஒருவரும் கேட்டதில்லை. கேள்வி கேட்பது ஆராய்ச்சிப் பிரிவின் வேலை, அவர்களோ மேல் மாடியில் இருந்தார்கள்.

இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்த எதிர்காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, வாடிக்கையாளர் ஒருவர் வந்துவிட்டார்.

நிலையத்தின் வரலாற்றில் அதுவரை பார்வையாளர்கள் வந்திருக்கிறார்கள், பிரமுகர்கள் வந்திருக்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகள்கூட வந்திருக்கிறார்கள். வாங்க வந்தவர் இவர்தான் முதல். குளிர்பதனக் கிடங்கு வைத்திருக்கும் அம்மாள். ஒரு நாளைக்கு மூன்று முறை கரண்டு போய், கிடங்கில் மீனும் பட்டாணியும் ஒன்றோடொன்று உறவாடிக்கொண்டிருந்தன. வாசலில் லாரியை நிறுத்திவிட்டு நேரே கூட்ட அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

விருந்தினர் வரும் நாளில் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. பின்கட்டில் கரும்புகை கக்கும் டீசல் ஜெனரேட்டரை நிறுத்தி, அதன் மேல் பச்சைத் துணி போர்த்திவிடுவார்கள். புகையில்லா ஆற்றல் நிலையத்தில் புகையைக் காட்டுவது மரியாதை இல்லை. அன்றும் போர்த்தினார்கள்.

இயக்குநர் எழுந்து, திரையில் ஓடிய படத்தைக் காட்டி, வருங்காலத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். கிடங்குக்காரம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

“பெட்டி எங்க சார்?”

“வருதும்மா. முதல்ல தொலைநோக்கு.”

“அதை என் லாரியில ஏத்த முடியாதே.”

அப்போதுதான் கரண்டு போனது. மின்விசிறி நின்றது. விளக்குகள் அணைந்தன. கீழே வெந்நீராரின் ஆய்வகத்தில் பம்பு நின்றது, கலமும் நின்றது. சூளையாரின் அடுப்பு விடியற்காலையிலிருந்து நானூறு டிகிரி வரை ஏறியிருந்தது. அது ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டு விரிசல் விட்டது.

கிடங்குக்காரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “இப்பத்தான் சார் நல்ல நேரம். உங்க பெட்டியை ஓட்டிக் காட்டுங்க.”

வெந்நீரார் தொண்டையைச் செருமினார். “அது... பம்பு ஓடணும்மா. அதுக்குக் கரண்டு வேணும்.”

“என்னோடதைச் சூடாக்கணும்” என்றார் சூளையார். “அதுக்கும் கரண்டு வேணும். தொடங்குறதுக்கு மட்டும்தான்.”

“கரண்டு வந்தா உங்க பெட்டி கரண்டு குடுக்கும். அப்படித்தானே?”

“மிகச் சரியாப் புரிஞ்சுக்கிட்டீங்க!” என்றார் இயக்குநர் பூரிப்போடு.

“கரண்டு வந்துட்டா இது எனக்கு எதுக்கு சார்?”

இந்தக் கேள்விக்கு நிலையத்தின் இருபத்திரண்டு ஆண்டு ஆராய்ச்சியில் விடை இல்லை. அந்தக் கணத்தில்தான் ஐந்தாண்டார் அதைக் கவனித்தார்.

திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது.

“இது மட்டும் எப்படி ஓடுது?” என்றார் கிடங்குக்காரம்மா.

யாருக்கும் தெரியவில்லை. ஆறு ஆண்டுகளாகக் கூட்ட அறையின் திரை ஒருமுறைகூட அணைந்ததில்லை. பெருமை எல்லாம் டீசல் ஜெனரேட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்று அது துணிக்கு அடியில் செத்துக் கிடந்தது.

கிடங்குக்காரம்மா குனிந்து, படக்கருவியிலிருந்து சுவரோரம் போன சாம்பல் நிற ஒயரைப் பிடித்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். நடந்தார். அவருக்குப் பின்னால் இயக்குநர், அவருக்குப் பின்னால் வெந்நீரார், சூளையார், கடைசியில் ஐந்தாண்டார். ஒயர் கதவிடுக்கில் நுழைந்தது, படிக்கட்டில் இறங்கியது, வெந்நீராரின் ஆய்வகத்தைத் தொடாமல் போனது, சூளையாரின் ஆய்வகத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் போனது, அடித்தளத்தில் ‘ஒதுக்கப்பட்ட பொருட்கள்’ என்று பலகை மாட்டிய கதவுக்குள் புகுந்தது.

உள்ளே சுண்ணாம்பக்கா ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சுண்ணாம்பைக் கொட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில், பழைய பீரோ அளவில் ஒரு பெட்டி. லேசான ‘ம்ம்ம்’ சத்தம். அடியில் வாளி. வாளியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

“என்னம்மா இது?” என்றார் இயக்குநர்.

“காரக் கலம் சார். நீங்க தூக்கிப் போட்டதுதான்.”

“இது வேலை செய்யாதே! அறிக்கையில எழுதியிருக்கு!”

“அது அறிக்கை படிச்சதில்ல சார்.”

கிடங்குக்காரம்மா பெட்டியைச் சுற்றி வந்தார். “எப்படிம்மா ஓடுது?”

“காத்துல இருக்கிற கரியமில வாயு இதுக்கு ஆகாதுன்னாங்க. காத்தைச் சுண்ணாம்பு வழியா விட்டா, சுண்ணாம்பு அதைப் பிடிச்சு வச்சுக்குது. பத்து நாளைக்கு ஒரு தடவை சுண்ணாம்பை மாத்தணும். அவ்வளவுதாங்க. ஹைட்ரஜனுக்கு, வெந்நீர் சார் பிரிவுல சுத்தம் பத்தலைன்னு ஒதுக்கிற உருளையில இருக்கிற மிச்சம்.”

“எத்தனை நாளா?”

“ஆறு வருஷம். ஒரு தடவை கரண்டு போய்ப் படம் நின்னுடுச்சுன்னு எனக்கு மெமோ குடுத்தாங்க. இனிமே நிக்கக் கூடாதுன்னு இங்கேருந்து ஒயரை இழுத்து விட்டேன். அப்புறம் ஏன் நிக்கலைன்னு யாரும் மெமோ குடுக்கலை.”

“எனக்கு இதுதான் வேணும்” என்றார் கிடங்குக்காரம்மா. “லாரி வாசல்ல நிக்குது. ஏத்துங்க.”

இயக்குநர் கைகளைப் பிசைந்தார். “அம்மா, இது ஒதுக்கப்பட்ட தொழில்நுட்பம். அறிக்கை இல்லாம எதையும் விக்க விதி இல்லை. நாலு மணிக்கு அறிக்கை தயாராயிடும்.”

“சரி. நாலு மணி வரைக்கும் உட்கார்ந்திருக்கேன்.”

ஆக, எல்லாம் ஐந்தாண்டாரின் தலையில் வந்து விடிந்தது. சுண்ணாம்பக்கா அவர் பின்னாலேயே படியேறி வந்தார்.

“சார், என் ஒப்பந்தம் இன்னைக்கு அஞ்சு மணியோட முடியுது. ஒதுக்கின சாமானுக்குப் பராமரிப்பாளர் எதுக்குன்னு ஆர்டர் போட்டுட்டாங்க. நான் போனா மறுநாளே இதைப் பிரிச்சுடுவாங்க. ஒரே ஒரு வரி சார். ‘இது வேலை செய்யுது.’ மூணே சொல்லு. அதை எழுதிட்டா கலமும் பொழைக்கும், நானும் பொழைப்பேன்.”

“எழுதிடறேம்மா” என்றார் ஐந்தாண்டார். உண்மையாகவே சொன்னார். மனிதருக்கு மனசாட்சி இருந்தது. அதிகம் பயன்படுத்தாததால் புதுசு போலவே இருந்தது.

கரண்டு வந்தது. கணினியைத் திறந்தார். வணிக வாய்ப்புப் படிவம். பத்தி ஏழு: ‘சந்தைக்கு வர எத்தனை ஆண்டுகள்?’ அவர் பூஜ்யம் என்று அடித்தார்.

சிவப்பு எழுத்தில் பதில் வந்தது: ‘தவறான மதிப்பு. ஐந்துக்குக் குறையாத எண்ணை உள்ளிடவும்.’

படிவத்தை வடிவமைத்தவர் யார் என்று பார்த்தார். அவரேதான். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், பிழை நேராமல் இருக்கட்டும் என்று.

ஆனாலும் கீழே ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். அதில் அடித்தார்: ‘இது வேலை செய்கிறது.’ அடித்துவிட்டுத் தானே நான்கு முறை படித்தார். அவர் வாழ்க்கையில் நிகழ்காலத்தில் எழுதிய முதல் வாக்கியம்.

அந்த நேரம் பார்த்து இயக்குநரிடமிருந்து அழைப்பு.

அறைக்குள் போனால், உலக அதிசயம். வெந்நீராரும் சூளையாரும் ஒரே சோபாவில், தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தட்டிலிருந்த பிஸ்கட்டை மற்றவர் எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்.

“உட்காருங்க” என்றார் இயக்குநர். “என்ன எழுதப் போறீங்க?”

“வேலை செய்யுதுன்னு...”

“சுண்ணாம்புங்க அது!” என்று வெந்நீரார் அலறினார். “சுண்ணாம்பை வச்சுக்கிட்டு எப்படிங்க ஒரு கருத்தரங்கு நடத்துறது?”

“மலிவு வேற” என்றார் சூளையார், கெட்ட வார்த்தை சொல்வது போல. “அண்ணன் சொல்றது நியாயம்.”

‘அண்ணன்’! ஐந்தாண்டாருக்குக் கண் கலங்கிவிட்டது.

இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். “இங்க பாருங்க. ‘வரும் வரும்’னு சொல்றதுக்கு இந்தக் கட்டடத்துல நூத்திநாப்பது பேர் இருக்கோம். வந்துட்டா நாம என்ன சொல்றது? ஒரே ஒரு கலத்தைக் காப்பாத்த நூத்திநாப்பது குடும்பத்தைத் தெருவுல நிறுத்தணுமா? உங்க பேரும்தான் அதுல இருக்கு. ஓய்வுக்கு இன்னும் எத்தனை வருஷம் உங்களுக்கு?”

“அஞ்சு” என்றார் ஐந்தாண்டார்.

வெளியே வந்து மனைவிக்குப் போன் போட்டார். கதையைச் சொன்னார்.

“உள்ளதை எழுதுங்களேன். இதுல என்ன யோசனை?” என்றாள் அவள்.

“வேலை போயிடுமேடி.”

“போனா போகட்டும். கல்யாணமானப்ப அஞ்சு வருஷத்துல வீடு கட்டலாம்னீங்க. இன்னும் வாடகை வீட்டுலதான் இருக்கோம். குளியலறைக் குழாய் ஒழுகுதுன்னு போன வருஷம் சொன்னேன், வாளி வச்சுட்டுப் போனீங்க. ஒரு நாளாவது ‘இப்ப’ன்னு ஒரு வேலை செய்யுங்க.”

“யோசிக்கிறேன்.”

“எப்ப சொல்வீங்க?”

அவர் வாய் வரை வந்த பதிலை விழுங்கிவிட்டுப் போனை வைத்தார்.

மூன்று ஐம்பது. கணினி முன் உட்கார்ந்தார். குறிப்புக் கட்டத்தில் அந்த மூன்று சொற்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, சுண்ணாம்பு படிந்த கைகளைக் கட்டிக்கொண்டு அக்கா நின்றார். ஐந்தாண்டார் ஒரு சொல்லை அழித்தார். பிறகு இன்னொன்றை. மூன்றாவது தானாகவே அழிந்தது போல அவருக்குத் தோன்றியது. பத்தி ஏழில் ஐந்து என்று அடித்தார். பச்சை எழுத்தில் கணினி பாராட்டியது: ‘சரியான மதிப்பு. நன்றி.’

நான்கு மணிக்கு இயக்குநர் வரவேற்பறையில் அறிக்கையை வாசித்தார். கிடங்குக்காரம்மா முழுவதும் கேட்டார். சுண்ணாம்பக்கா ஐந்தாண்டாரை ஒரு பார்வை பார்த்தார்.

“அப்போ இது இன்னும் தொழில்நுட்பம் ஆகலை” என்றார் கிடங்குக்காரம்மா.

“ஆகலைம்மா.”

“இப்ப இது என்ன?”

“விதிப்படி கழிவு.”

“கழிவை எடைக்குப் போட அறிக்கை வேணுமா?”

இயக்குநர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். வேண்டியதில்லை. அதைவிட நல்ல செய்தி அவருக்கு அந்த மாதத்தில் கிடைத்திருக்கவில்லை. கலம் போனால் சாட்சியும் போயிற்று. நாலரைக்குத் தராசு வந்தது. பெட்டி, வாளி, சுண்ணாம்பு டப்பா, சாம்பல் ஒயர் எல்லாம் பழைய இரும்பு விலையில் லாரி ஏறின. ஐந்து மணிக்குச் சுண்ணாம்பக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு, முன் சீட்டில் கிடங்குக்காரம்மா பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். கழிவோடு கழிவாக அவரையும் எடை போடலாமா என்று வெந்நீரார் கேட்டார். சூளையார் விழுந்து விழுந்து சிரித்தார். நட்பு என்றால் அதுதான்.

இப்படியொரு நெருக்கடியிலிருந்து பாடம் கற்காத நிறுவனம் உண்டா? அடுத்த மாதமே ‘காரக் கலப் பிரிவு’ என்று மூன்றாவது பிரிவு தொடங்கப்பட்டது. அறுபது பேர். தனி மாடி. தலைவருக்குச் சுழல் நாற்காலி. பிரிவில் எல்லாம் இருந்தது, கலம் மட்டும் இல்லை. அதைத்தான் விற்றாயிற்றே. ஆகவே, கலம் கிடைத்தால் எப்படி ஆராய்வது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

ஆண்டறிக்கை நாள் வந்தது. பகல் பன்னிரண்டுக்குள் மேலிடத்துக்கு அனுப்பியாக வேண்டும். பதினொன்று இருபதுக்குக் கரண்டு போனது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. டீசலுக்கான நிதி சுழல் நாற்காலியாகச் சுழன்றுகொண்டிருந்தது. ஐந்தாண்டாரின் மடிக்கணினியில் மூன்று சதவீதம். கடைசி வரி மட்டும் பாக்கி.

கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் ஓடினார். ஜெராக்ஸ் கடை இருட்டு. டீக் கடை இருட்டு. தெருக்கோடியில், ஒரே ஒரு கட்டடத்தில் பளிச்சென்று குழல் விளக்கு எரிந்தது. குளிர்பதனக் கிடங்கு. வாசலில் நாலைந்து பேர் வரிசையாகப் போனைச் சொருகிவிட்டுக் காத்திருந்தார்கள். ‘ம்ம்ம்’ என்ற சத்தம். அவருக்குத் தெரிந்த சத்தம்.

“வாங்க சார்” என்றார் சுண்ணாம்பக்கா. கையில் வெள்ளை. பின்னால், ஹைட்ரஜன் உருளைகளுக்குப் பக்கத்தில், பீரோ அளவில் இப்போது மூன்று பெட்டிகள் நின்றன. “பிளக்கு அந்தப் பக்கம் இருக்கு. சொருகிக்கங்க.”

ஐந்தாண்டார் சொருகினார். திரை உயிர் பெற்றது. மூட்டை மேல் உட்கார்ந்து, மூச்சு வாங்க, கடைசி வரியை அடித்தார்: ‘காரக் கலம் இன்னும் ஐந்து ஆண்டுகளில் சந்தைக்கு வரும்.’

அக்கா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். எழுத்துக் கூட்டி, நிதானமாக.

“ஏன் சார், இன்னும் வராத கரண்டுல எப்படி டைப் அடிக்கிறீங்க?”

ஐந்தாண்டார் நிமிர்ந்து பார்க்கவில்லை. அறிக்கையை அனுப்பினார். போய்ச் சேர்ந்தது. பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி, பைக்குள் போட்டார்.

இருபத்து மூன்றாவது ஆண்டாக அவருடைய கணிப்பு பொய்க்கவில்லை. தானாகவே பலிக்கிற கணிப்பை எவரும் சொல்லிவிடலாம். இவர் அதைத் தன் கையாலேயே, ஒவ்வொரு சொல்லாக அழித்தல்லவா, பலிக்க வைத்தார்!